வாசகர் கேள்வி பதில்: பகட்டு நடைக்கு எத்தனை மதிப்பெண்?

உரைநடைப் போட்டிகளைப் பற்றியும் அவற்றுக்கு வந்து சேரும் எழுத்தின் நடையைப் பற்றியும் கடிதங்கள் சேர்ந்தாற்போல் வந்திருப்பதால், இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் ஊர் வாசகர் வட்டத்தின் சார்பில், இதுவரை எதுவும் அச்சில் வராதவர்களுக்கென்று ஓர் உரைநடைப் போட்டி அறிவித்தோம். பொருள் 'வைகை', அளவு 500 சொற்கள். நடுவர்கள் மூவரில் நானும் ஒருவன். முதற்பரிசுக்கு வந்து நிற்கும் கட்டுரை, "காலத்தின் கருப்பையில் உறைந்த மௌனங்களின் நிர்வாணத்தை, நீரற்ற நதியின் நினைவு விளிம்புகளில் என் இருப்பு மொழிபெயர்த்துக்கொண்டே இருக்கிறது" என்று தொடங்குகிறது. மற்ற இருவரும், அவர்களில் ஒருவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர், இதில் சொக்கிப் போயிருக்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. எனக்குப் பிடித்த கட்டுரையில், "அழகருக்காக அணையில் திறந்துவிட்ட தண்ணீர் எங்கள் பக்கம் வந்தபோது, தண்ணீருக்கு முன்னால் ஒற்றைச் செருப்புகளும் பாட்டில்களும் வந்தன, அப்பா கையெடுத்துக் கும்பிட்டார்" என்று ஒரு வரி இருக்கிறது, ஆனால் அதன் முடிவு தொய்ந்துவிட்டது. குறை என் வாசிப்பில் இருக்கிறதா, எழுத்தில் இருக்கிறதா? (வாசகர், திருமங்கலம்)

பதில்: எரிச்சல் வந்தது நல்லதுதான், ஆனால் அதையே தீர்ப்பாக எழுதிவிட முடியாது. கட்டுக்கட்டாகப் படித்துக் களைத்த கண்ணுக்கு நல்ல எழுத்தும் எரிச்சலூட்டும். நமக்குப் பழக்கமில்லாத நடையும் எரிச்சலூட்டும். ஆகவே அந்த வாக்கியத்தில் எந்த இடத்தில் அது கிளம்புகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

காலம், கருப்பை, மௌனம், நிர்வாணம், விளிம்பு, இருப்பு, மொழிபெயர்ப்பு ஆகியவற்றில் ஒன்றுகூட அகராதியைத் தேடவைக்கும் சொல் அன்று. ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கும் இவை தெரியும். எனவே 'கடினமான தமிழ்' என்று நீங்கள் குறை சொன்னால் அது நிற்காது. தமிழாசிரியர் உங்களை எளிதில் மடக்கிவிடுவார். சிக்கல், சொற்கள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் இருக்கிறது. கருப்பையில் உயிர் வளரும். இங்கே ஏதோ உறைகிறது. உறைந்தது மௌனம் என்கிறார். உடனே அந்த மௌனத்தை நிர்வாணமாக்குகிறார். பிறகு அந்த நிர்வாணத்தை, அதுவும் ஒரு விளிம்பில் நின்றபடி, மொழிபெயர்க்கிறார். உருவகம் தருக்கத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நல்ல உருவகத்தை வழிமறித்து, எதைப் பார்த்துவிட்டு வந்தாய் என்று கேட்டால், அது ஒரு பதில் வைத்திருக்கும். இங்கே ஒன்றைக் கேட்டால் அது அடுத்ததைக் கைகாட்டுகிறது. அடுத்தது அதற்கடுத்ததைக் கைகாட்டுகிறது. கடைசியில் முற்றுப்புள்ளி வந்துவிடுகிறது.

இன்னொரு சோதனையும் செய்து பாருங்கள். அந்த வாக்கியத்தில் வைகைக்கு உரியது என்று கொஞ்சமேனும் சொல்லத்தக்கது 'நீரற்ற நதி' ஒன்றுதான். அதை எடுத்துவிட்டு அவ்விடத்தில் 'பேருந்தற்ற மாட்டுத்தாவணி' என்று வைத்துப் படியுங்கள். வாக்கியத்துக்கு ஒரு சேதமும் இல்லை. அதே கம்பீரம், அதே மயக்கம். இன்னும் சொல்லப்போனால், போட்டியின் பொருள் 'அம்மா' என்றோ 'மரணம்' என்றோ இருந்திருந்தாலும் இந்த வாக்கியம் அப்படியே வந்து உட்கார்ந்திருக்கும். நீங்கள் குறிப்பிட்ட மற்ற வரியை இப்படி இடம் மாற்ற முடியுமா? சித்திரை மாதமும், அணையும், தண்ணீரின் தலைப்பில் மிதந்து வரும் குப்பையும், அதைப் பார்த்தும் குவிந்த கையும் வேறு எந்த ஊருக்கும் வேறு எந்த ஆற்றுக்கும் போகமாட்டா. அழகர் ஆற்றில் இறங்குவதற்காகத் தண்ணீர் திறந்துவிடப்படும் ஓர் ஊரில் அந்தக் கும்பிடு எதற்கு என்பதை அவர் விளக்காமல் விட்டதும் எனக்குப் பிடித்திருக்கிறது.

உங்கள் உண்மையான சங்கடம், இதைத் தமிழாசிரியரிடம் எப்படிச் சொல்வது என்பதாகத்தான் இருக்க வேண்டும். அவரோடு வாதுக்குப் போக வேண்டாம். அவருக்கு மனப்பாடமாக இருக்கக்கூடிய நன்னூலையே நடுவில் வையுங்கள். 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நூலுக்குரிய அழகுகள் பத்தைச் சொல்லும்போது, 'சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல்' என்று தொடங்கி, அதே வரிசையில் 'ஓசையுடைமை', 'ஆழமுடைத்தாதல்' ஆகியவற்றையும் வைக்கிறார். ஓசையும் ஆழமும் வேண்டும்; அவை விளக்கத்தை விழுங்கிவிடக் கூடாது. அவர் சொல்லும் பத்துக் குற்றங்களில் 'மயங்க வைத்தல்', 'வெற்றெனத் தொடுத்தல்', 'நின்று பயனின்மை' என்னும் மூன்றும் முதற்கட்டுரையின் தொடக்கத்துக்குப் பொருந்துகின்றன. நேர்மையாகச் சொல்வதென்றால், உங்களுக்குப் பிடித்த கட்டுரையின் முடிவுக்கு 'சென்று தேய்ந்திறுதல்' பொருந்துகிறது. அதையும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் பேச்சில் நம்பிக்கை வரும். நூலுக்குச் சொன்ன இலக்கணத்தை 500 சொல் கட்டுரைக்குப் பொருத்தலாமா என்று அவர் கேட்கக்கூடும். கேட்டால் நல்லதே, பேச்சு அலங்காரத்தை விட்டுக் கட்டுரையின் பக்கம் திரும்பிவிடும்.

அதன் பிறகு, "ஐயா, ஒரு மாணவன் வகுப்பில் எழுந்து இந்த முதல் வாக்கியத்துக்குப் பொருள் கேட்டால் என்ன சொல்வீர்கள்?" என்று பணிவோடு கேளுங்கள். மூன்று நடுவர்களும் ஒருவரையொருவர் கலக்காமல் அந்த வாக்கியத்தின் பொருளை இரண்டு வரியில் எழுதிப் பார்ப்பது இன்னும் நல்லது. மூவரும் மூன்று விதமாக எழுதி, மூன்றையும் கட்டுரையிலிருந்தே நிறுவ முடிந்தால், அது வளமான எழுத்து. தயங்காமல் பரிசு கொடுங்கள், என் பேச்சைக் கேட்க வேண்டாம். மூவருமே 'காலத்தைப் பற்றிய ஒரு ஏக்கம்' என்ற அளவில் நின்றுவிட்டால், மற்ற இருவருக்கும் தங்கள் மயக்கம் எங்கிருந்து வந்தது என்பது தானாகவே தெரிந்துவிடும்.

மதுரையில் நடுவர் என்ற பேச்சு வந்தாலே நக்கீரரையும் தருமியையும் இழுத்துக்கொண்டு வருவது வழக்கம். இந்த வழக்குக்கு அதைவிடப் பொருத்தமான கதை இறையனார் களவியல் உரையில் இருக்கிறது. இறைவன் அருளிய அகப்பொருள் நூலுக்குச் சங்கப் புலவர்கள் ஆளுக்கொரு உரை எழுதிவிட்டு, எது மெய்யுரை என்று முடிவு காண முடியாமல் தவித்தபோது, அவர்களுக்கு நடுவனாக வாய்த்தவன் உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயதுச் சிறுவன். அவன் வாய் பேசாதவன். மருதன் இளநாகனார் உரை சொன்னபோது சிற்சில இடங்களில் அவனுக்குக் கண்ணீர் வந்தது. நக்கீரர் உரை சொன்னபோது பதந்தோறும் கண்ணீர் வந்தது, மெய் சிலிர்த்தது. அதுவே தீர்ப்பு.

இந்தக் கதையை எளிமைக்கு ஆதரவாகப் பயன்படுத்திவிட்டுத் தப்பித்துக்கொள்ள முடியாது என்பதுதான் எனக்கு இதில் பிடித்த இடம். நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய தமிழ் உரைநடைகளில் ஒன்றாகிய அந்த உரை, எளிமைக்கு நேர் எதிரானது. எதுகையும் மோனையுமாக அடுக்கிக்கொண்டே போவது. ஒரு சோலையை வருணிக்கும் இடத்தில் 'சந்தனமும் சண்பகமும் தேமாவும் தீம்பலவும்' என்று தொடங்கி, மூச்சு விடாமல் மரமும் கொடியும் பூவும் வந்துகொண்டிருக்கும். அலங்காரம்தான், ஆனால் அங்கே வருகிற ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மரம் இருக்கிறது, அதற்கு ஒரு பூவும் மணமும் இருக்கின்றன. வரிசை நீள நீளச் சோலை அடர்ந்துகொண்டே போகிறது. 'காலத்தின் கருப்பை'யும் 'நினைவு விளிம்பு'ம் எத்தனை சேர்ந்தாலும் ஆற்றில் ஒரு சொட்டுத் தண்ணீரோ ஒரு பிடி மணலோ கூடுவதில்லை. அலங்காரத்தை வெறுக்கும் நடுவர், இந்த இரண்டையும் ஒரே தட்டில் தள்ளிவிடும் ஆபத்து இருக்கிறது. உங்கள் எரிச்சலைப் பற்றி எனக்கு இருக்கும் ஒரே கவலையும் அதுதான்.

கடைசியாக ஒன்று. புதிதாக எழுதுகிறவர்கள் முதற்பத்தியை மேடைக்கு ஏறுவதுபோல் எழுதிவிட்டு, மூன்றாம் பத்திக்கு வரும்போது இயல்பாகிவிடுவது உண்டு. முதல் வாக்கியத்தோடு கோபித்துக்கொண்டு கட்டுரையை மூடிவிடாமல், மூன்றாம் பத்தியிலிருந்து ஒருமுறை படியுங்கள். அங்கே ஒரு மனிதரோ, ஒரு படித்துறையோ, ஒரு மணல் லாரியோ கண்ணில் பட்டால், முதற்பத்தியை மன்னித்துவிட்டு இரண்டு கட்டுரைகளையும் புதிதாக ஒப்பிடுங்கள். அங்கேயும் மௌனங்களின் நிர்வாணமே நீடித்தால் முதற்பரிசு யாருக்கு என்பதில் எனக்கு ஐயமில்லை.

கேள்வி: மதுரை மல்லியைப் பற்றி நான் எழுதிய கட்டுரை ஒரு போட்டியிலிருந்து 'பகட்டு நடை' என்ற இரண்டே சொற்களோடு திரும்பி வந்தது. அதன் படியை இணைத்திருக்கிறேன். எல்லாரும் செய்தித்தாள் நடையில்தான் எழுத வேண்டுமா? (கல்லூரி மாணவி, மதுரை)

பதில்: அப்படித் திருப்பி அனுப்பியது முறையன்று. ஒருவர் நாட்கணக்கில் உழைத்து எழுதியதற்கு இரண்டு சொல்லில் பட்டம் கட்டி அனுப்புவதைவிட ஒன்றும் எழுதாமல் அனுப்பியிருக்கலாம். எந்த வரி, ஏன் என்று சொல்லாத தீர்ப்பால் எழுதியவருக்கு எந்தப் பயனும் இல்லை. அந்த நடுவர் செய்யாமல் விட்டதை நான் செய்து பார்க்கிறேன்.

'வெண்மையின் சுகந்த உபநிடதம்' என்ற உங்கள் தலைப்பையும், 'பிரபஞ்சத்தின் நாசியில் பூமி எழுதிய முதல் கடிதம்' என்ற முதல் வரியையும் அடித்துவிடுங்கள். இரண்டும் மல்லிகைக்கு முன்பே உங்களிடம் தயாராக இருந்தவை. ரோஜாவைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தாலும் வந்திருக்கும். இரண்டாம் பக்கத்தில், விடியுமுன் மொட்டாகப் பறித்தாக வேண்டும் என்பதையும், மலர்ந்துவிட்ட பூவைச் சந்தையில் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள் என்பதையும் எழுதி, 'மலர்வதற்கு முன்பே விலைபோவதுதான் இந்தப் பூவின் யோகம்' என்று முடித்திருக்கிறீர்கள். அதைத் தொட வேண்டாம். அந்த வரியும் அலங்காரமானதுதான். ஆனால் பூச்சந்தையைப் பார்த்தவரால்தான் அதை எழுத முடியும். இரண்டு இடங்களும் ஒரே கையால் எழுதப்பட்டவை என்பதால், உங்களுக்கு நான் நடையை மாற்றிக்கொள்ளும்படி சொல்லத் தேவையில்லை.

செய்தித்தாள் நடையைப் பற்றிய உங்கள் பயமும் வேண்டாம். இதே மதுரையில் 1904-ஆம் ஆண்டு சில மாதங்கள் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழ் ஆசிரியராக இருந்த ஓர் இளைஞரின் கவிதை, இவ்வூரிலிருந்து வெளிவந்த 'விவேகபாநு' இதழில் அதே ஆண்டில் அச்சேறியது. தலைப்பு 'தனிமை இரக்கம்'. 'குயிலனாய் நின்னொடு குலவியின் கலவி' என்று தொடங்கும் அந்தப் பாடலை இன்று உரை இல்லாமல் படிப்பவர் குறைவு. எழுதியவர் பாரதியார்; அப்போது அவருக்கு வயது 21. அதே கவிஞர்தான் 1912-இல் பாஞ்சாலி சபதத்தின் முகவுரையில் 'எளிய பதங்கள், எளிய நடை' என்று எழுதினார். இடையில் அவர் செய்தித்தாளில் வேலை பார்த்தார் என்பதும் உண்மை. அதனால் அவர் கவிதை கெட்டுப்போகவில்லை. 1904-இல் அந்தப் பாடலை 'பண்டித நடை' என்ற ஒற்றைக் குறிப்போடு யாராவது திருப்பி அனுப்பியிருந்தால், அதிலிருந்த பிரிவுத் துயரம் அந்தக் குறிப்பு எழுதியவரின் கண்ணில் படவே இல்லை என்றுதான் நாம் சொல்லுவோம். முன்னோர் நடையில் மூழ்கி எழுதுவது இளமையில் இயல்பானது; உள்ளே ஏதாவது இருக்கிறதா என்பதுதான் கேள்வி. உங்களுடையதில் இருக்கிறது.

கேள்வி: வட்டார வழக்கில் எழுதிவிட்டால் இந்தப் பகட்டுக் குற்றச்சாட்டே வராது அல்லவா? (வாசகர், உசிலம்பட்டி)

பதில்: தாராளமாக வரும். பாத்திரம் வாயைத் திறந்தாலே ஒரு சொலவடை, பக்கத்துக்கு இருபது 'அங்கிட்டு இங்கிட்டு', கடைசியில் அருஞ்சொல் பட்டியல் என்று வரும் கதைகள் உங்கள் பக்கத்திலேயே எத்தனையோ உண்டு. தன் ஊர்க்காரர்கள் அப்படி ஓயாமல் பழமொழியாகப் பேசுவதில்லை என்பது எழுதியவருக்கும் தெரியும்; வெளியூர் வாசகர் வியக்க வேண்டும் என்பதற்காகத்தான் அது நடக்கிறது. அதுவும் இரவல் நகைதான், பித்தளையில் செய்தது என்பது மட்டுமே வேறுபாடு. ஒரு வட்டாரச் சொல், வேறு எந்தச் சொல்லாலும் ஆகாத வேலையை அந்த இடத்தில் செய்தால் இருக்கட்டும்.

கேள்வி: அமெரிக்காவில் வேண்டுமென்றே மோசமாக எழுதுவதற்கென்று ஒரு போட்டி உண்டாமே? நாமும் நடத்தினால் என்ன? (வாசகி, மேலூர்)

பதில்: இருந்தது; 2025-இல் நிறுத்திவிட்டார்கள். கலிபோர்னியாவில் உள்ள சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியர் ஸ்காட் ரைஸ் 1982-இல் அதைத் தொடங்கினார். உலகிலேயே மிக மோசமான நாவல் ஒன்று இருந்தால் அதன் முதல் வாக்கியம் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து எழுதி அனுப்ப வேண்டியிருந்தது. எட்வர்டு புல்வர் லிட்டன் என்னும் ஆங்கில நாவலாசிரியரின் பெயரை அதற்கு வைத்தார்கள். 1830-இல் வெளிவந்த அவருடைய 'பால் கிளிஃபர்டு' நாவல், இருளும் புயலுமான இரவு என்று தொடங்கி, மழை, காற்று, கூரைகள், விளக்குகள் என்று நீண்டுகொண்டே போய், நடுவில் ஓர் அடைப்புக்குறிக்குள் நம் கதை நிகழ்வது லண்டனில் என்பதையும் செருகிக்கொள்ளும் ஒரே வாக்கியத்தோடு தொடங்குகிறது. அந்த மனிதர் தம் காலத்தில் மிகவும் விரும்பிப் படிக்கப்பட்டவர் என்பதைப் போட்டி நடத்துகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இங்கே நடத்தலாம்; ஆனால் புதியவர்களுக்கான போட்டியோடு அதைச் சேர்க்காதீர்கள். அங்கே கலந்துகொண்டவர்கள் தெரிந்தே மோசமாக எழுதினார்கள். மனப்பூர்வமாக எழுதிய ஒரு மாணவரின் வாக்கியம் தவறுதலாக அந்தச் சிரிப்புக்கு நடுவே மாட்டிக்கொண்டால், அதன் பிறகு அவர் பேனாவைத் தொடமாட்டார். நடுவர்களுக்கு மட்டும் இதை ஒரு பயிற்சியாக வைக்கலாம் என்பது என் யோசனை. கட்டுரைகளைப் பிரிப்பதற்கு முன், ஒவ்வொரு நடுவரும் போட்டிப் பொருளில் ஒரு பகட்டு வாக்கியம் எழுதிப் படிக்கட்டும். அது எத்தனை சுலபமாக வருகிறது என்பதைப் பார்த்துவிட்டவர், பிறகு அதே சரக்கு மேசைக்கு வரும்போது சொக்கிப் போக மாட்டார்.

கேள்வி: எங்கள் பள்ளியில் கட்டுரைப் போட்டிக்குப் பொருள் 40, மொழிநடை 30, மேற்கோள் 20, கையெழுத்து 10 என்று மதிப்பெண் பிரித்திருக்கிறோம். பிள்ளைகளின் கட்டுரைகள் ஒரே மாதிரியாக அலங்காரமாக வருகின்றன. என்ன செய்யலாம்? (ஆசிரியை, வாடிப்பட்டி)

பதில்: பிள்ளைகள் உங்கள் மதிப்பெண் படிவத்தைச் சரியாகப் படித்திருக்கிறார்கள். மொழிநடைக்குத் தனியாக 30 என்று சொன்னால், பொருள் இல்லாத இடத்திலும் நடையைக் காட்டி 30 வாங்கலாம் என்றுதான் எந்தப் பிள்ளைக்கும் தோன்றும். மேற்கோளுக்கு 20 என்றால், சொல்ல வேண்டியது ஒன்றும் இல்லாதபோதும் பாரதியும் வள்ளுவரும் அப்துல் கலாமும் வரிசையாக வந்து நிற்பார்கள். 'பலசொல்லக் காமுறுவர் மன்றமா சற்ற சிலசொல்லல் தேற்றா தவர்' என்ற குறளையே பத்து மேற்கோள்களுக்கு நடுவில் பதினொன்றாகச் செருகிய கட்டுரையைப் பார்த்திருக்கிறேன். படிவத்தின்படி அதற்கும் மதிப்பெண் உண்டு.

மேற்கோள் என்ற கட்டத்தை அடியோடு எடுத்துவிடுங்கள். மேற்கோள் தேவைப்படும் கட்டுரையில் அது பொருளின் பகுதியாகவே நின்று மதிப்பெண் வாங்கிக்கொள்ளும். பொருளையும் நடையையும் பிரிக்காமல் ஒன்றாக்கி 70 கொடுங்கள். மீதி 30-ஐ, 'கட்டுரையாளர் தாமே கண்டது அல்லது கேட்டறிந்தது' என்ற ஒரு புதிய கட்டத்துக்கு வையுங்கள். கையெழுத்து படிக்கிற மாதிரி இருந்தால் போதும். அந்தப் புதிய கட்டத்தின் எதிரே நடுவர் வெறும் எண்ணைப் போடாமல், கட்டுரையிலிருந்து ஒரு வரியையாவது எடுத்து எழுத வேண்டும் என்று கட்டாயப்படுத்துங்கள். எடுத்தெழுத ஒரு வரியும் அகப்படாத கட்டுரைக்கு என்ன மதிப்பெண் என்பதில் நடுவர்களுக்குள் சண்டை வராது.

புதிய படிவத்தை அடுத்த போட்டியின் அறிவிப்போடு சேர்த்தே பலகையில் ஒட்டிவிடுங்கள். இப்போது உங்கள் மேசையில் இருக்கும் கட்டுரைகளைப் பழைய கணக்கின்படியே திருத்துங்கள். அலங்காரம் கேட்டு வாங்கிவிட்டு அதற்காகவே மதிப்பெண்ணைக் குறைப்பது நியாயமாகாது.